பலகைக்கு அந்தப் பக்கம்

மச்சில் இருக்கும் பலகைத் தடுப்பு எப்போது வைத்தது என்று தீயணைப்பு அதிகாரி என்னைக் கேட்டார். வெகு வருஷமாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும் என்றேன். அது பொய். அந்த வாரம்தான் நானே சுத்தியலும் ஆணியுமாக அதை அடித்து முடித்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரியாததால்தான் தீப்பிடித்தபோது அவர் மச்சுக்கு ஏறினார். ஏறியவர் அங்கேயே இறந்தார்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். போன மழைக்காலத்துக்கு முன் என் மகள் மச்சைச் சுத்தம் செய்யக் கிளம்பியிராவிட்டால் இன்னும் காப்பாற்றிக்கொண்டுதான் இருப்பேன். நானாக மனம் திருந்திச் சொன்னேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு கொச்சி மட்டாஞ்சேரியில், பழைய சரக்குக் கிட்டங்கிகளுக்கு நடுவே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் இரண்டு வீடுகள். ஒன்று எங்களுடையது, மற்றது அண்ணாச்சியுடையது. அவரை நான் மட்டுமல்ல, சந்தே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுக்கும் மிளகும் வாங்கி விற்க வந்தவை. எங்கள் இருவரின் தாத்தாக்களும் கூட்டாகக் கட்டிய வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே வாசல், அது சந்தைப் பார்த்தது. பின்பக்கம் கிட்டங்கியின் சுவர். ஜன்னல்களுக்குக் கனத்த இரும்புக் கம்பி.

இப்படிக் கட்டியவர்களுக்குத் தீயைப் பற்றிய பயம் இருந்திருக்கிறது. சாக்கும் கயிறும் மலைபோல் அடுக்கிவைத்த சந்து இது. அதனால் இரண்டு வீட்டுக்கும் நடுச் சுவரை உத்தரம் வரைக்கும்தான் எழுப்பினார்கள். அதற்கு மேலே மச்சு முழுக்க ஒரே வெளி. ஒரு வீட்டில் வாசல் அடைபட்டால் ஏணியில் ஏறி, மச்சு வழியாகப் போய், அடுத்த வீட்டில் இறங்கிக்கொள்ளலாம். மச்சுக்குப் போகும் சதுரக் கதவுக்கு இரண்டு வீட்டிலும் தாழ்ப்பாள் கிடையாது. வைக்கக் கூடாது என்பது தாத்தாக்களின் பேச்சு. கூடவே ஒரு வழக்கமும் வைத்தார்கள். மச்சில் யாராவது தட்டினால், கீழே இருப்பவர் ஒட்டடைக் கம்பால் பதிலுக்குத் தட்ட வேண்டும். கேட்டுவிட்டது, வா என்று அர்த்தம்.

என் இளமைக் காலம் முழுக்கத் தீ ஒன்றும் வரவில்லை. அந்தத் தட்டலைச் சீனிக்கும் உறைமோருக்கும் பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கும் பயன்படுத்தினோம். என் மகளும் அண்ணாச்சியின் மகளும் சின்ன வயதில் வாசல் வழியாகப் போனதே இல்லை. மேலே தட்டுவதும் பதில் வருவதும் தடதடவென்று பலகை மேல் ஓடுவதுமாகத்தான் வளர்ந்தார்கள்.

எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றேன். வாத்தியாரை இங்கே மாஷ் என்பார்கள். எனக்கும் அதுதான் பெயராக நின்றது. ஓய்வுக்குப் பிறகு மச்சில் ஒரு படிப்பறை செய்துகொள்ள ஆசைப்பட்டேன். கண்ணாடி ஓடு பதித்து வெளிச்சம் கொண்டுவந்தேன். பழைய சாக்கு, குடைக்கம்பி, ஓட்டை அண்டா எல்லாவற்றையும் இறக்கிப் போட்டேன். ஒரு மேஜையும் நாற்காலியும் ஏற்றினேன். எவ்வளவு கூட்டினாலும் பலகை இடுக்கிலிருந்து சுக்குத் தூசி எழுந்து தும்மல் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அண்ணாச்சியைத்தான் பொறுக்க முடியவில்லை.

மிளகுத் தரகு அவர் கையை விட்டுப் போயிருந்தது. மனைவி இறந்திருந்தாள். சாயங்காலமானால் குடிப்பார், பிறகு பாடுவார். பீடிப் புகை மச்சு வழியாக என் மேஜைக்கு வரும். அவர் பக்கத்து ஓடு நகர்ந்த இடைவெளி வழியாக மரநாய் உள்ளே நுழைந்து என் புத்தகங்கள் மேல் மூத்திரம் பெய்துவிட்டுப் போகும். திடீரென்று அவரே மச்சைத் தாண்டி வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பார்.

"என்ன மாஷே, படிச்சுப் படிச்சு இன்னும் முடியல்லையா? கலெக்டர் பரீட்சையா எழுதப் போறீரு? இறங்கி வாரும்யா, ஒரு சாயா குடிப்போம்."

ஒரு தடுப்பு வைத்தால் என்ன என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார். "நம்ம தாத்தன் போடாத எல்லைய நீரு போடப் போறீராக்கும்? போட்டுப் பாரும். மறுநா காலையில அடுப்புக்கு விறகாகும் அது."

அவர் வைப்பின் தீவில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில் அடித்தேன். என் மனைவி ஏணியடியில் நின்று, "அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அடிங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவரை வாசலில் பார்த்தபோது வெயிலைப் பற்றிப் பேசினேன். அதற்கு மறுநாள் பார்க்காத மாதிரி போனேன். மேலே ஏறினால் அவரே தெரிந்துகொள்வார், சண்டை போடுவார், பிறகு அடங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அந்த நாட்களில் அவர் மேலே ஏறவில்லை.

அந்தச் சாயங்காலம் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். கீழே நாற்காலியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சில் தட்டும் சத்தம் கேட்டது. உறைமோர் கேட்கும் தட்டல் இல்லை அது, இரண்டு கையாலும் குத்துகிற மாதிரி இருந்தது. பலகையைக் கண்டுபிடித்துவிட்டார், குடித்திருக்கிறார், சண்டைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டினேன். என் பாதியில் நான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்வேன் என்பது போல ஏதோ. தட்டல் நிற்கவில்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஒட்டடைக் கம்பு என் கைக்கு எட்டும் தூரத்தில் சுவரில் சாய்ந்திருந்தது.

பிறகு இரும்பை மரத்தில் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் நின்றது. ஒருவழியாக அடங்கினார் என்று நினைத்தேன். சந்தில் ஆட்கள் கத்திய பிறகுதான் புகையின் வாசனை எனக்குத் தெரிந்தது. அப்போதும் நான் மேலே ஓடவில்லை. வாசல் வழியாக வெளியே ஓடினேன்.

அவர் வீட்டு முன்னறையில் இன்வெர்ட்டர் வெடித்துக் கதவுத் திரையில் தீப்பிடித்திருந்தது. அவர் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்குப் போக வழியில்லை. அந்த வீட்டில் பிறந்த எவரும் செய்வதைத்தான் செய்திருக்கிறார். தீயை அணைத்த பிறகு மச்சில், என் பலகைக்கு அந்தப் பக்கம், அவரைக் கண்டார்கள். புகைதான் கொன்றது என்றார்கள்.

"மாஷுக்க வீடு பிழைச்சது அந்தப் பலகையாலதான்" என்று சந்தில் ஒருவர் சொன்னார். பலரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

அவருடைய மகள் எர்ணாகுளத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்தாள். கல்யாணம் செய்துகொடுத்த இடம் சரியில்லாமல் சில மாதங்களுக்கு முன்தான் அப்பாவிடம் திரும்பி வந்திருந்தாள். படகு பிடித்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "மாமா, மச்சு தொறந்துதானே கெடந்தது? நான் சின்னதுல ஓடின மச்சுதானே?"

"நீ கல்யாணமாகிப் போனப்பறம் அடைச்சோம், மோளே. அப்பாவும் சேர்ந்துதான் அடைச்சது" என்றேன்.

அதிகாரியிடம் சொன்ன பொய் என்னைக் காப்பாற்ற. இவளிடம் சொன்னது என்ன செய்தது என்பது அன்று மாலையே தெரிந்தது. என் மனைவி அவளுக்குக் கஞ்சி கொடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து அடுக்களை வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி குடிக்கக் கூடாதுன்னு அன்னைக்குக் காலையில அவருக்க சாராயக் குப்பிய எடுத்து ஏணியில நின்னு மச்சுக்குள்ள தள்ளி ஒளிச்சு வெச்சாளாம். வழி அடைஞ்சு கெடக்குன்னு தெரிஞ்ச மனுஷன் அந்தத் தீயில எதுக்கு மேல ஏறணும், குப்பிக்குத்தான் ஏறியிருக்காருன்னு சொல்லி அழுறா. அப்பாவ நான்தான் கொன்னேன் அத்தைன்னு சொல்றா."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேசுவதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தட்டிய சத்தத்தைக் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. பலகை எப்போது அடித்தது என்பது தெரியும். நான் கை கழுவப் போனேன். அவள் இறக்கும்வரை அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அந்த ஏணிப் பக்கமும் போகவில்லை.

குப்பிக் கதை சந்துக்குள் பரவியது. தீயில் போய்க் குப்பி தேடின மனுஷன் என்று சாயாக்கடையில் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். அவருடைய மகள் அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் படகு ஜெட்டிக்குப் போக வேண்டும்.

தீப்பிடித்துச் சில வாரம் கழித்து ஒரு தடவை மச்சுக்கு ஏறினேன். என் பக்கத்துப் பலகை சேதமில்லாமல் நின்றது. மேஜையும் நாற்காலியும் அப்படியே இருந்தன. திரும்பும்போதுதான் பார்த்தேன். இரண்டு பலகைக்கு நடுவே, என் இடுப்பு உயரத்தில், ஓர் இரும்பு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல் நகம் அளவுதான். தட்டையாக, கறுத்து, ஓரம் தேய்ந்து. தொட்டுப் பார்த்தேன். ஆடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து முழு பலத்தோடு செருகி நெம்பியிருக்கிறார்கள்.

கீழே கேட்ட இரும்புச் சத்தம் எது என்று தெரிந்தது. புத்தக அலமாரியை நகர்த்தி அதன் முன் நிறுத்தினேன். பிறகு அந்த அறையில் நான் படிக்கவேயில்லை.

ஆனால் அதற்குக் கீழேதான் வாழ்ந்தேன். எலி ஓடினால் திடுக்கிடுவேன். மழைக்காலத்தில் மரம் ஊறி, நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்ப்பேன். அவர் மகள் கூரையை மாற்றியபோது அந்தப் பக்கம் வேலைக்காரர்கள் ஏறினார்கள். அவர்களில் எவனாவது பலகையில் செருகியிருப்பதைப் பார்த்துக் கேட்பான் என்று மூன்று வேளைச் சோறும் இறங்காமல் கிடந்தேன். யாரும் கேட்கவில்லை. கரிந்த பலகையில் சிக்கிய ஏதோ ஓர் இரும்பு, அவர்களுக்கு அவ்வளவுதான்.

மனைவி போன பிறகு அண்ணாச்சியின் மகள்தான் எனக்குச் சோறு கொடுத்தாள். வேலைக்குப் போகுமுன் மூடிவைத்த பாத்திரத்தைக் கொண்டு வருவாள். "மாமா, இன்னைக்கு மோர்க்குழம்பும் பயறும். சூடாத் தின்னணும், கேட்டோ?" நான் அதை வாங்கிச் சாப்பிட்டேன். வருஷக்கணக்கில் சாப்பிட்டேன். அவளுடைய அப்பாவின் திதியன்று மட்டும் சோறு வராது. அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதில்லை. மறுநாள் முகம் வீங்கியிருக்கும். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியத்தில் அந்த வீக்கத்தை நான் நிறுத்தியிருக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் பெங்களூரில் இருந்த என் மகள், வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது, இனி அப்பாவோடுதான் என்று பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்த மறுநாளே மச்சுக் கதவைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, மேல ராஜா மாதிரி ரூம் இருக்கு. வெறுதே போட்டு வெச்சிருக்கீங்க. எனக்கு ஆபீஸ் ரெடி."

"கரையான் இருக்கும். பலகை தாங்காது. கீழ இடம் இல்லையா?" என்றேன்.

"மெஷின் காதுல இல்ல போல. எனக்கு ரூம் வேணும்னு சொல்றேன், நீங்க கரையானுக்கு வக்காலத்து வாங்கறீங்க."

காதுக்கு அவள்தான் கருவி வாங்கிக் கொடுத்திருந்தாள். ஈரக் காற்றில் அது விசிலடிக்கும். நான் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

அடுத்த சனிக்கிழமை வேலை ஆரம்பித்தது. முகத்துக்குத் துணி, கைக்கு ரப்பர் உறை, தூசி உறிஞ்சும் மெஷின். ஓட்டுக்கு அடியில் வெயில் தாங்க அடிப்பதற்காக வெள்ளித் தாள் சுருள்களும், ஒரு மின்விசிறியும் வாங்கி வைத்திருந்தாள். அண்ணாச்சியின் மகளுக்கு அன்று விடுமுறை. அவளும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். என் மகள் அவளை அக்கா என்பாள். இரண்டு பேரும் மேலே, நான் கீழே. காதுக் கருவியைப் போட்டுக்கொண்டு ஏணியைப் பிடித்தபடி நின்றேன். அவர்கள் எதை எங்கே நகர்த்துகிறார்கள் என்பது எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. மேஜை. நாற்காலி. மரநாயின் பழைய எச்சத்தைச் சுரண்டுகிறார்கள்.

"அய்யே, மரப்பட்டி நாத்தம்!"

"இதெல்லாம் ஒரு நாத்தமாடி? காலில் ஆணி வந்த ஒட்டகம் மாதிரி நிக்காம அந்தக் கூடையை எடு."

சிரிப்பு. பிறகு மகளின் குரல். "அக்கா, இந்த அலமாரிய ஒரு கை பிடி. பின்னால எவ்வளவு தூசியோ."

"அத எடுக்க வேண்டாம்!" என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. அலமாரி உராயும் சத்தம் நின்றதும், சாயா போட்டு வருகிறேன் என்று அண்ணாச்சியின் மகள் என்னைத் தாண்டி இறங்கித் தன் வீட்டுக்குப் போனாள். ஏணியில் ஏறினேன். டாக்டர் ஏறக் கூடாது என்று சொன்ன முழங்கால். மேலே தலை நீட்டும்போது அலமாரி நகர்ந்திருந்தது. நல்ல வேளையாக அண்ணாச்சியின் மகள் அதன் பின்னால் எதையும் கவனிக்காமலே போயிருந்தாள். என் மகள் குனிந்து விரலால் எதையோ தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்னப்பா? இரும்பு மாதிரி. அந்தப் பக்கத்துலேந்து வந்திருக்கு."

"ஆணியா இருக்கும். விடு."

"ஆணி இவ்வளவு பட்டையாவா இருக்கும்?" அவள் பலகையில் வாயை வைத்து அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கூவினாள். "அக்கா! உன் வீட்டு மச்சுல ஏறிப் பாரேன், பலகையில என்னவோ மாட்டியிருக்கு. நீ வந்து சொல்லு, அப்பாவுக்குத் தெரியல்ல."

அண்ணாச்சியின் மகள் தீக்குப் பிறகு தன் மச்சுக்கு ஏறியதே இல்லை என்று எனக்குத் தெரியும். ஏற மாட்டாள் என்று நம்பினேன். பிறகு அந்தப் பக்கம் ஏணி முனகியது. கதவு தூக்கும் சத்தம். காலடி, மெதுவாக, பலகையைச் சோதித்துச் சோதித்து. கடைசியில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. நடுவில் பலகை.

அவள் தட்டினாள். சின்ன வயதில் தட்டுவது போல விளையாட்டாக, விரல் முட்டியால். என் மகள் சிரித்துக்கொண்டே பதிலுக்குத் தட்டினாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, டார்ச்சு அடிச்சுப் பாரு. என்னது?"

"நில்லுடி. கரியா இருக்கு." துடைக்கும் சத்தம். பிறகு நகத்தால் சுரண்டும் சத்தம். பேசியபோது குரல் மாறியிருந்தது. "இது எங்க சட்டுவம்டி. தோசைச் சட்டுவம். அம்மா வாங்கினது, மேல ஓட்டை இருக்கும் பாரு, அதே."

"சட்டுவம் எப்படி மச்சுக்கு வந்துது?"

அவள் என் மகளுக்குப் பதில் சொல்லவில்லை. பலகையிடம் பேசுவது போலச் சொன்னாள். "குப்பி எடுக்க ஏறினவரு இத ஏன் இங்க வந்து சொருகினாரு? குப்பி நான் வெச்சது அந்தக் கோடியில இல்லையா?"

என் மகள் என்னைப் பார்த்தாள். அப்போதும் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க முடியும். பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவளின் முகம் தெரியாததால்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

"அவரு குப்பிக்கு வரல்ல, மோளே. எங்க வீட்டுக்கு வந்தாரு."

"வழி அடைச்சது அப்பாவுக்குத் தெரியும்னு சொன்னீங்களே, மாமா."

"பொய் சொன்னேன். அந்த வாரம்தான் அடிச்சேன். அவரு ஊர்ல இல்லாதப்போ அடிச்சேன். அவருகிட்ட சொல்லல்ல."

மறுபக்கம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பலகை அவ்வளவு மெல்லியது.

"அப்ப இங்க வந்து தட்டியிருப்பாரே."

"தட்டினாரு."

"உங்களுக்குக் கேட்டுதா?"

என் மகள் என் கையைப் பிடித்திருந்தாள். இல்லை என்று சொல் என அவள் விரல்கள் அழுத்தின. அப்போதே காது மந்தம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்படப் போவதில்லை, கருவி காதிலேயே இருந்தது.

"கேட்டுது" என்றேன். "சண்டைக்கு வராருன்னு நெனச்சு டிவி சத்தத்தக் கூட்டி வெச்சேன்."

என் மகள் கையை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அவள் உட்காரும் சத்தம் கேட்டது. அழுகையை எதிர்பார்த்தேன், திட்டை எதிர்பார்த்தேன். அவள் மெதுவாக, யாருக்கென்றும் இல்லாமல், "அப்ப நான் இல்ல" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், "நான் இல்ல."

பிறகு அவள் அந்த இரும்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்தாள். மரம் கிறீச்சிட்டது. என் கண் முன்னால் அந்த நுனி அசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய், மறைந்தது. இருந்த இடத்தில் ஒரு கீற்றாக அவளுடைய டார்ச்சு வெளிச்சம் வந்தது. காலடிகள் திரும்பிப் போயின. ஏணி முனகியது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று என் மகள் கேட்டாள்.

"பலகை தெரியும். தட்டினது தெரியாது."

அவள் தூசி மெஷினின் வயரைச் சுற்றினாள். இறங்கும்போது எனக்குக் கை கொடுக்கவில்லை. நானே இறங்கினேன்.

அதன் பிறகு என்னால் ஆனதைச் செய்தேன். ஓர் ஆளைக் கூட்டிவந்து பலகையைப் பெயர்த்தேன். ஆணிகளை நானே பிடுங்கினேன், அடித்தவன் நான் என்பதால். அந்தப் பக்கத்தை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குக் கரி. சட்டுவம் இருந்த இடத்தைச் சுற்றி மரம் சிலும்பு சிலும்பாக எழுந்திருந்தது. ஒரு பலகையின் கீழ் ஆணி பாதி வெளியே வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் வந்திருப்பார். அல்லது நான் இந்தப் பக்கமிருந்து ஒரு உதை உதைத்திருந்தால்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இளம் இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் படித்தார். "மாஷே, இது பழைய கேஸ். குளோஸ் ஆயாச்சு. சொந்த வீட்டுல பலகை அடிச்சதுக்கு எந்த செக்ஷன்ல கேஸ் எடுக்க? வெயில் ஏறுமுன்ன வீட்டுக்குப் போங்கோ" என்றார். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். வாசல்வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். அந்த மரியாதையில் எனக்கு உடம்பு கூசியது.

சாயாக்கடையிலும் சொன்னேன். அண்ணாச்சி குப்பிக்குப் போகவில்லை, நான்தான் வழியை அடைத்தேன், தட்டியும் திறக்கவில்லை என்றேன். ஒருவர், "அப்ப அன்னைக்கு அவரு குடிச்சிருக்கல்லையா?" என்று கேட்டார். இல்லை, தோசை வார்த்துக்கொண்டிருந்தார் என்றேன். "சேட்டன் சும்மா இரி" என்று கடைக்காரர் அவரை அடக்கினார். என் சாயாவை என் முன் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார். அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்குப் பக்கத்து பெஞ்சு காலியாகவே இருக்கிறது. ஆனால் அண்ணாச்சியைப் பற்றிய சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மகள் அந்தக் கடை முன்னால் இப்போது தலை நிமிர்ந்து போகிறாள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

என் மகள் பெங்களூருக்கே திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். மச்சு பாதியில் நிற்கிறது. ஓட்டுக்கு அடியில் வெள்ளித் தாள் பாதிவரை ஒட்டியிருக்கிறது. மின்விசிறி பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. மரநாய் மறுபடி வரத் தொடங்கியிருக்கிறது.

பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருவதில்லை. அவள் என்னோடு பேசுவதும் இல்லை. சந்தில் எதிரே வந்தால் வழிவிட்டு நிற்பாள், முகம் சுவரைப் பார்க்கும். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அவள்தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் பலகை பெயர்த்த மறுநாள் முதல் ஒன்று நடக்கிறது. அவள் வேலையிலிருந்து வந்து விளக்கேற்றிய பிறகு மச்சுக்கு ஏறுகிறாள். இந்தப் பக்கம் நடந்து வருகிறாள். என் தலைக்கு மேலே நின்று தட்டுகிறாள். கையால் இல்லை, இரும்பால். எந்த இரும்பு என்று எனக்குத் தெரியும். முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி தட்டினாள். நிறுத்தாமல் தட்டினாள். ஒட்டடைக் கம்பை எடுத்துப் பதிலுக்குத் தட்டினேன். மச்சுக் கதவு ஒரு சாண் உயர்ந்தது. தாழ்ப்பாள் போட்டிருக்கிறேனா என்று பார்த்திருக்கிறாள். சுக்குத் தூசி என் மேல் உதிர்ந்தது. கதவு மூடியது, காலடி திரும்பிப் போனது.

தினமும் இப்படித்தான். அவளுக்கு இது தண்டனையா, பழைய வழக்கத்தைத் திரும்ப நடத்துகிறாளா, நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. ஏறிப் போய்க் கேட்கும் தைரியம் இல்லை.

என் காது இன்னும் மோசமாகிவிட்டது. இந்த மழையில் கருவி நாள் முழுக்க விசிலடிக்கிறது, சில நாள் ஒன்றுமே கேட்பதில்லை. டாக்டர் இனி இதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார். அதனால் மத்தியானம் கழிந்ததும் நாற்காலியை ஏணியடிக்கு நகர்த்திக்கொள்கிறேன். டிவியை விற்றுவிட்டேன். கம்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு உள்ளங்கையை ஏணி மேல் வைத்திருக்கிறேன். தட்டினால் மரத்தில் அதிர்வு இறங்கும், அது கைக்குத் தெரியும். இதுவரை தெரிந்துகொண்டிருக்கிறது. தெரியாமல் போகிற ஒரு நாள் வரும். அவள் மேலே தட்டிக்கொண்டே இருப்பாள், நான் கீழே உட்கார்ந்திருப்பேன்.